பின்கோடையா, முதுவேனிலா? ஆவணி–புரட்டாசிக்கு ஒரு பருவப்பெயர்

பொருள்: மறு: மறு: ‘லேட் சம்மர்’ தமிழில் என்ன?
மண்டூரிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம்.

இந்த மடல் இழை நீண்டு எங்கெங்கோ போய்விட்டதால் முதலில் கேட்டதை ஒருக்கால் நினைவுபடுத்துகிறேன். வளவுக்குள் (வீட்டுத் தோட்டத்துக்குள்) வரும் குருவி, வண்ணாத்திப்பூச்சி, பூக்கிற காய்க்கிற மரஞ்செடி எல்லாவற்றையும் பருவம் பருவமாகப் பிள்ளைகள் குறித்து வைக்க ஒரு அட்டவணை வேண்டும் என்று களுவாஞ்சிக்குடிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் கையில் இருந்த ஆங்கில மாதிரியில் ‘லேட் சம்மர்’ என்றொரு கட்டம். அந்தக் கட்டத்துக்கு மேலே தமிழில் என்ன எழுதுவது என்பதுதான் கேள்வி. அதற்குச் சென்னையிலிருந்து வந்த விடை:

> நமக்கு ஆறு பெரும்பொழுது இருக்கிறது. ஆவணி, புரட்டாசி என்றால் கார்காலம். இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல் தேடுவது எதற்கு?

இந்த விடையோடுதான் எனக்குப் பிணக்கு. சென்னையிலிருந்து எழுதுகிறவருக்கு ஆவணியில் பின்னேரமானால் இடிமுழங்கி மழை கொட்டுகிறது. கார் என்று சொல்ல வாய் வரும். நான் இருக்கும் மட்டக்களப்பில் நிலைமை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு, மலையைத் தாண்டிக் கீழே இறங்குகையில் சூடேறிக் காய்ந்து எங்களிடம் வருகிறது. அதைத்தான் கச்சான் என்கிறோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,650 மில்லிமீற்றர் மழை காணும் இடம் இது. அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் வந்து முடிந்துவிடும். ஆவணியில் ஒன்றிரண்டு பின்னேர மழை விழும்தான், இல்லையென்று சொல்லவில்லை. மண் மணம் எழும்ப முதலே அது காய்ந்துவிடும். சிறுபோகம் (கோடை நெற்பயிர்) அறுத்த வட்டை (வயல்வெளி) வெடித்துக் கிடக்கும், குளத்தில் அடிச்சேறு தெரியும். இதற்குக் கார்காலம் என்று பெயர் போட்டால் பிள்ளை யன்னலால் வெளியே பார்த்துவிட்டு வாத்தியாரின் முகத்தைப் பார்க்கும்.

முதுவேனில் நல்ல சொல். ஆனால் அது ஆனி, ஆடி என்று பாடநூல்களில் ஆணி அடித்தாற்போல் இருக்கிறது. நாங்கள் மட்டும் அதை ஆவணிக்கு இழுத்தால் இந்தியா, இலங்கை இரு கரைக் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் குழம்பிப் போவார்.

ஆகவே வளவில் இந்த நேரம் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயருக்கு வருவோம்.

வேலியோரம் முழுக்கச் சருகு. பச்சை நிற்பது தண்ணீர் போகிற இடத்தில் மட்டும்: கிணற்றடி வாழை, குசினிக் கழிவுநீர் ஓடும் பக்கத்துக் கறிவேப்பிலை, வாளி வாளியாக ஊற்றிக் காப்பாற்றும் தேசி (எலுமிச்சை). வெள்ளைப்பட்டை போட்ட கறுப்பு வண்ணாத்தி தேடி வந்து முட்டையிடுவதும் அங்கேதான், ஏனென்றால் குடம்பிக்கு (புழுவுக்கு) வேண்டிய கொழுந்து வேறெங்கும் இல்லை. கறிவேப்பிலைக் கொழுந்தைப் புரட்டிப் பாருங்கள். கபிலமும் வெள்ளையுமாகக் குருவி எச்சம் என்று நினைக்கும்படி புழு ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசித் தோலை உரித்த பிறகு அதே புழு இலைப்பச்சை. விரலால் தட்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைக்கொம்பு ஒன்றை வெளியே தள்ளி ஒரு நாற்றம் விடும். அந்த நாற்றத்தோடுதான் எங்கள் வீட்டில் மருந்தடிக்கும் பேச்சும் கிளம்பும். கறிக்குப் போடும் இலைக்கு மருந்தடிக்கிற கெட்டித்தனத்தை என்னவென்பது!

எருக்கலை இந்த வெயிலுக்கு அசையாது. அதை நம்பி வாழும் செம்மஞ்சள் வண்ணாத்தியும் அப்படியே. போகன்விலா தண்ணீர் குறையக் குறையத்தான் பூத்துத் தள்ளும். கிணற்றடியில் குளித்த தண்ணீர் ஊறிய மண்ணில் மஞ்சளும் வெள்ளையுமாகக் குந்தியிருக்கும் வண்ணாத்திகளைக் கண்டிருப்பீர்கள். அவை பெரும்பாலும் ஆண்கள், ஈரத்தோடு உப்பையும் சேர்த்து உறிஞ்சுகின்றன. அதற்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது, அது தனிக்கதை.

குருவிகளில் உள்ளூர்க்காரர் எல்லாரும் தண்ணீரைச் சுற்றித்தான். புலுனி எனும் தவிட்டுக்குருவிக் கூட்டம் மாவடியில் சருகைப் பிரட்டிப் பிரட்டிச் சண்டை பிடிக்கும். செண்பகம் வேலிக்குள்ளேயே நடந்து திரியும். தேன்சிட்டு செவ்வரத்தைப் (செம்பருத்தி) பூவின் வாயால் போகாமல் அடியில் அலகால் துளை போட்டுத் தேனை எடுத்துக்கொண்டு போய்விடும். பூவுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. இதெல்லாம் ஆனி, ஆடியிலும் காணலாம். ஆவணியைப் பிரித்துக் காட்டுவது வெளியிலிருந்து வருகிறவர்கள். வாவிக்கரையில் உள்ளான் வகைகள் இறங்கத் தொடங்கும். கரண்ட் கம்பியில் தகைவிலான் வரிசை கட்டும். புரட்டாசி போகப் போக ஆறுமணிக்குருவியின் குரல் கேட்கும். விடியவும் பொழுதுபடவும் ஆறுமணியை ஒட்டிக் கூப்பிடுவதால் வந்த பெயர் அது. இமயமலை அடிவாரம் வரை உள்ள காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு வருகிற குருவி, மழைக்கு முதலே எங்கள் சருகுக்குள் வந்து நிற்கிறது.

ஆக, நிலம் கோடையின் அடியில் கிடக்கிறது, வானத்தில் வருகிறவர்களோ மாரிக்கு உரியவர்கள். இந்த இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும் நேரத்துக்குத்தான் எங்களுக்குப் பெயர் வேண்டும்.

இன்னொரு சாட்சி. மங்கல் நேரத்தில் விளக்கடிக்கு வரும் பழுப்பு வண்ணாத்தி ஒன்று உண்டு. அதன் புழு புல்லும் நெல்லும் தின்னும். மாரியில் பிறக்கிறதன் செட்டைக்குக் கீழ்ப்பக்கம் வட்ட வட்டமாகக் கண்கள் இருக்கும். கோடையில் பிறக்கிறதற்கு அந்தக் கண்கள் மங்கிப்போய், நரம்பும் புள்ளியுமாகச் சருகே ஆகிவிடும். ஒரே இனம்தான். சருகுக்குள் அது செட்டையை மடித்து உட்கார்ந்தால் காலடி வைத்த பிறகுதான் எழும்பும். அந்தப் பூச்சிக்குத் தெரிந்த பருவம் இரண்டே இரண்டு, கோடையும் மாரியும். எங்கள் வெள்ளாமைக்காரர் கணக்கும் அதுதான்.

அதனால் என் முன்மொழிவு இது. ஆறு பொழுதை இங்கே திணிக்காமல் கோடை, மாரி என்ற இரண்டையும் அடியாக வைத்து முன், பின் சேர்ப்போம். முன்மாரி எங்களுக்குப் புதிதில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் அந்தப் பெயரில் ஊரே இருக்கிறது. அதன்படி முன்கோடை, பின்கோடை, முன்மாரி, பின்மாரி. ‘லேட் சம்மர்’ கட்டத்துக்கு பின்கோடை.

‘கோடைக்கடை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சொல்லிப் பாருங்கள், குளிர்பானம் விற்கிற இடம் நினைவுக்கு வரும். ‘கடைக்கோடை’ அதைவிடத் தேவலை.

———

பொருள்: மறு: மறு: மறு: ‘லேட் சம்மர்’ தமிழில் என்ன?
திருச்சியிலிருந்து

ஐயா, உங்கள் வண்ணத்துப்பூச்சிக் கதையை ரசித்தேன். சொல்லைப் பற்றி மூன்று ஐயங்கள்.

பின்கோடை என்றால் என் காதில் ‘கோடைக்குப் பின்’ என்றுதான் விழுகிறது. நீங்கள் சொல்வதோ கோடையின் பின்பகுதி.

புணர்ச்சியைப் பார்த்தாலும் பின் + பகல் பிற்பகல், பின் + காலம் பிற்காலம். அந்த வழியில் இது பிற்கோடை ஆக வேண்டாமா?

மூன்றாவது, எங்கள் பக்கம் கோடை என்றால் சித்திரை, வைகாசி. அக்கினி நட்சத்திரம் முடிந்தால் கோடையின் உச்சம் முடிந்தது. உங்கள் சொல்லை நான் எடுத்துக்கொண்டால் அது ஆனி மாதத்தில் போய் நிற்கும். முதுவேனிலை நீங்கள் தள்ளிவைத்த அதே காரணம் பின்கோடைக்கும் பொருந்துகிறதே?

———

பொருள்: மறு: மறு: மறு: மறு: ‘லேட் சம்மர்’ தமிழில் என்ன?
சம்மாந்துறையிலிருந்து

எங்கட ஊரில் இந்த நேரத்துக்கு ‘கச்சான் அடங்குற காலம்’ என்றுதான் சொல்லுவம். நான் முதலில் ‘கச்சான்கடை’ என்று எழுதி அனுப்ப இருந்தன். கச்சானின் கடைசி என்ற கருத்தில்தான். வீட்டில் வாசித்துக் காட்டினால் எல்லாரும் சிரிக்கிறாங்க. கச்சான்கடை என்றால் எங்களுக்குத் திருவிழாவில் கச்சான் வறுத்துச் சுருளில் போட்டுத் தருகிற கடைதானே. இந்தியாக்காரருக்கு விளங்காவிட்டால்: கச்சான் என்றால் இங்கே வேர்க்கடலை.

பின்கோடை எனக்குச் சம்மதம். எப்போது முடியும் என்பதையும் எழுதிப் போடுங்க. மாதத்தை மட்டும் எழுதினால் சரிவராது, வருசத்துக்கு வருசம் மாறும். எங்கட கணக்கு புழுதி விதைப்பு. வட்டையைக் காய்ந்த புழுதியாகவே உழுது நெல்லை எறிந்துபோட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பம். விதைத்தது முளைக்கிற மழை விழுந்தால் கோடை முடிந்தது. குருவி பார்க்கிற ஆக்களுக்கும் அது லேசு, ஏனென்றால் விதைத்த வட்டையில்தான் புறாவும் நெல்லுக்குருவியும் வந்து விழும்.

———

பொருள்: மறு: மறு: மறு: மறு: மறு: ‘லேட் சம்மர்’ தமிழில் என்ன?
மண்டூரிலிருந்து

புழுதி விதைப்பை அப்படியே எடுத்துக்கொண்டேன். இதைவிட நல்ல எல்லை கிடைக்காது.

திருச்சி நண்பருக்கு. காதில் எப்படி விழுகிறது என்பது ஊரைப் பொறுத்தது. ஈழத்தில் நாள் சாயும் பொழுதைப் பின்னேரம் என்கிறோம். நேரத்துக்குப் பின் என்று எந்தப் பிள்ளையும் பொருள் கொள்வதில்லை, நாளின் பின்கூறு என்றே எடுத்துக்கொள்ளும். பின்னிரவும் இரவுக்குள்தான் இருக்கிறது. பருவப்பெயரிலேயே சான்று வேண்டுமென்றால் பின்பனி உங்களிடமும் இருக்கிறது. பனிக்காலத்தின் பின்பாதி அது, பனி முடிந்த பிறகு வருவதில்லை.

அதே பின்பனிதான் புணர்ச்சிக் கேள்விக்கும் என் விடை. பகல் வந்தால் பிற்பகல், பனி வந்தால் பின்பனி. இரண்டும் வழக்கில் நிற்கின்றன. பருவப்பெயர் வரிசையில் சேர்க்கிறபோது பருவப்பெயரின் உருவத்தையே பின்பற்றலாம். பிற்கோடை பிழையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முன்கோடை, பின்கோடை என்று அடுத்தடுத்த கட்டங்களில் எழுதும்போது இணை கெடாமல் இருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த இணை உதவும்.

மூன்றாவது கேள்விதான் கனமானது. முதுவேனிலுக்கு மாதம் குறித்துவைத்திருக்கிறார்கள். கோடைக்கு யாரும் மாதம் எழுதி வைக்கவில்லை. உங்களுக்குக் கோடை அக்கினி நட்சத்திரம். எங்களுக்கு வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு முடித்த பிறகும் முழுசாகப் பாக்கி கிடக்கிறது. கோடை தொடக்கம் முதலே இடத்தோடு ஒட்டிய சொல். ஆதலால் அட்டவணையில் பருவத்தோடு இடத்தையும் தொடக்கக் குறி, முடிவுக் குறி இரண்டையும் எழுதச் சொல்கிறேன். திருச்சிக்காரர் தம் பின்கோடையை ஆனியில் வைக்கட்டும். அங்கே என்ன பூக்கிறது, எந்தக் குருவி வருகிறது என்று அவர் குறிப்பு சொல்லும். மாதத்துக்கு மாதம் ஒப்பிட வேண்டியவருக்கு மாத நிரல் தனியாக இருக்கவே இருக்கிறது.

இரு கரைக்கும் ஒரே சொல் சாத்தியமா என்று முன்பு யாரோ சலித்துக்கொண்டிருந்தார்கள். 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாடு கூடியபோது தலைமை தாங்கியவர் இன்றைய அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். அந்தக் காலத்தில் கடிதம் போய் வரவே நாட்கணக்கு. நாங்கள் அன்றைக்கன்றே மறுமொழி போட்டுக்கொண்டு அலுத்துக்கொள்கிறோம்.

நம் சொற்றொகுதியில் சேர்க்க நான் எழுதியிருக்கும் வரி:

பின்கோடை (பெ.) கோடைக்காலத்தின் பின்கூறு. இலங்கையின் கீழ்க்கரையில்: சிறுபோக அறுவடை முடிந்து வலசைக் குருவிகள் வரத் தொடங்குவதிலிருந்து, புழுதியில் விதைத்த நெல் முளைக்கும் முதல் மழை வரை, பெரும்பாலும் ஆவணி, புரட்டாசி. இணைச்சொல்: முன்கோடை.

‘வலசை’யை விட்டுவிட்டு ‘வந்துபோகும் குருவிகள்’ என்று எழுதச் சொல்லி ஆசிரியர் தனிமடலில் கேட்டார். எங்கள் பிள்ளைகளுக்கு வலசை அவ்வளவாகப் பழக்கமில்லை என்பது உண்மை. அட்டவணையில் அவர் விருப்பப்படி போடலாம், தொகுதியில் வலசை இருக்கட்டும்.

அட்டவணை அச்சுக்குப் போக இருக்கிறது, மறுப்பு உள்ளவர்கள் இந்தக் கிழமைக்குள் எழுதுங்கள். கிணற்றடியில் வண்ணாத்தி உப்பு உறிஞ்சுவதற்குப் புது இழை திறக்கிறேன். ‘உவருறிஞ்சல்’ என்று ஒன்றை வைத்திருக்கிறேன், அடிக்க வாருங்கள்.