கைபேசியில் ஊர்க்கதை: தெருவில் இறங்கிப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மாசிவீதிக்காரன்:

மதுரையில் கீழமாரட் வீதிப் பக்கம் நின்று ஜிகர்தண்டா குடிக்காதவர்கள் குறைவு. ஆனால் மாரட் யார் என்று கேட்டால் பத்தில் ஒருவர்கூடச் சொல்ல மாட்டார். சின்ன வயதிலிருந்து அந்த வீதி வழியாகவே பள்ளிக்கூடம் போன எனக்கே முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் ஊரைச் சுற்றியிருந்த கோட்டையை இடித்து ஊரைப் பெரிதாக்கினார். அப்போது நில அளவை பார்த்தவர் மாரட், ஆட்களை வைத்து வேலை வாங்கியவர் பெருமாள் மேஸ்திரி. சுவரை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த இடத்தையே வீடு கட்டிக்கொள்ளக் கொடுத்திருக்கிறார்கள். கோட்டை போய்விட்டது, மாரட்டும் மேஸ்திரியும் ஆளுக்கொரு வீதியாக நிற்கிறார்கள். பிளாக்பர்னுக்கு ஊர்க்காரர்கள் நன்றியோடு வைத்ததுதான் விளக்குத்தூண். இன்றைக்கு அது போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஆட்டோக்காரருக்கும் அடையாளம், அவ்வளவுதான்.

இதை அந்தந்த இடத்தில் நின்றே கேட்கிற மாதிரி செய்ய வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. அதில் ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டு, இரண்டாவது தடவை கொஞ்சம் தேறியிருக்கிறேன். இரண்டையும் எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

முதல் தடவை, ஒரு அமைப்பு மதுரை வரலாற்றுக்கு ஆப் செய்கிறது என்று கேள்விப்பட்டுத் தன்னார்வலராகச் சேர்ந்தேன். ஏழு மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அலைந்தோம். பத்துத்தூண் சந்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர், அவருக்கு அப்போதே எண்பது தாண்டியிருந்தது, அந்தக் கல்தூண்களுக்கு நடுவில் சின்னப் பையனாக ஒளிந்து விளையாடியதையும், தூணைச் சுற்றிக் கடைகள் ஒவ்வொன்றாக எழும்பியதையும் நாற்பது நிமிஷம் பேசினார். திருமலை நாயக்கர் காலத்து அரண்மனைத் தொகுதியில் மிஞ்சியவை அந்தத் தூண்கள், மகாலில் இருந்து நடந்து போகிற தூரம். அவர் பேசப் பேசப் பின்னால் துணி கிழிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், அதுவே ஒரு அழகு. ஆப் வெளியானது, விழா நடந்தது, போட்டோ எடுத்தோம். இரண்டு வருஷம் கழித்து என் தங்கை புது போன் வாங்கி ஆப்பைத் தேடினாள், கிடைக்கவில்லை. ஆண்ட்ராய்டு புதுப்புது பதிப்பாக வந்துகொண்டே இருக்கும், அதற்கேற்ப ஆப்பையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளே ஸ்டோர் புது போன்களுக்கு அதைக் காட்டாது. புதுப்பிக்கப் பணம் ஒதுக்கவில்லை என்றார்கள். சரி, ஒலிப்பதிவையாவது கொடுங்கள் என்று கேட்டால் சர்வருக்குக் கட்டணம் கட்டாமல் விட்டதில் எல்லாம் போய்விட்டதாம். என்னிடமும் பிரதி இல்லை. பெரியவர் அதற்கு முந்தின ஐப்பசியிலேயே காலமாகிவிட்டார். அவர் மகனிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அந்தச் சந்துப் பக்கமே ஒரு வருஷம் போகாமல் இருந்தேன்.

இரண்டாவது தடவை நாங்கள் மூன்று பேர் மட்டும். சொந்தமாக ஆப் எதுவும் எழுதவில்லை. யார் வேண்டுமானாலும் ஒலிநடையைப் பதிவேற்றக்கூடிய இலவசத் தளத்தை எடுத்துக்கொண்டோம். வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து அதைச் சுற்றி வட்டம் போட வேண்டும், நடந்து வருகிறவர் வட்டத்துக்குள் கால் வைத்ததும் கதை தானாகப் பேச ஆரம்பிக்கும். கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? மாசி வீதியில் அது படுத்திய பாடு! இரண்டு பக்கமும் மாடிக் கட்டடம், ஜிபிஎஸ் பத்து இருபது மீட்டர் தள்ளித்தான் காட்டும். சந்துக்குள் நிற்கிறவருக்கு வீதியின் கதை ஓடும், வீதியில் நிற்கிறவருக்கு ஒன்றுமே ஓடாது.

அதைவிடப் பெரிய விஷயத்தை என் அம்மாதான் காட்டிக் கொடுத்தார். சோதிக்கலாம் என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். விளக்குத்தூண் கதை நான்கு நிமிஷம். ஒன்றரை நிமிஷத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "எங்கடா நிக்கிறது? வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான், வெயில் மண்டையப் பொளக்குது" என்றார். அன்றைக்குத்தான் புரிந்தது, ஆறு மாதமாக என்ன சொல்வது என்றே யோசித்திருக்கிறோம், கேட்கிறவர் எங்கே நிற்பார் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. அப்புறம் ஒன்பது இடங்களுக்கும் காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் போய் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எந்தக் கடை வாசலில் நின்றால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று குறித்தோம். கடைக்காரர்களிடம் சொல்லி அனுமதி வாங்கினோம். கதை ஒவ்வொன்றையும் ஒன்றரை நிமிஷத்துக்குள் சுருக்கினோம். முதல் வாக்கியம் இப்படித்தான் வரும்: "படியில ஏறி நில்லுங்க, வலது பக்கம் நிமிர்ந்து பாருங்க." வருஷமும் பெயரும் அதற்கப்புறம்தான்.

கோவிலுக்குள் கைபேசிக்கு 2018-இல் இருந்து அனுமதி இல்லை என்பது தெரிந்ததே. அதனால் எங்கள் நடை முழுக்க வெளியேதான். ஆரம்பத்தில் இது குறையாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை, கோவிலைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், வெளி வீதி ஏன் வெளி வீதி என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

ஓஹையோவாசி:

பெரியவர் குரல் போனதைப் படித்து மனசு கனத்துவிட்டது சார். அதற்கு ஒரு வழி இருக்கிறது, நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

2017-இல் இங்கே அமெரிக்காவில், ஓஹையோவின் கிளீவ்லண்ட் நகரத்தில் நடக்கிற தியாகராஜ ஆராதனைக்கு அப்பாவையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். 1978-இல் தொடங்கிய உற்சவம், அங்குள்ள ஸ்டேட் யூனிவர்சிட்டி வளாகத்தில்தான் கச்சேரிகள். அதே பல்கலைக்கழகத்தின் பொது வரலாற்று மையம் 'கிளீவ்லண்ட் ஹிஸ்டாரிக்கல்' என்று ஒன்றை நடத்துகிறது. ஊரின் வரைபடம், ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சின்னக் கட்டுரை, பழைய படங்கள், பல இடங்களில் அங்கே வாழ்ந்தவர்களின் குரலே இருக்கும். இரண்டு கச்சேரிக்கு நடுவில் யூக்ளிட் அவென்யூவில் நடந்தோம். ராக்பெல்லர் உட்படப் பெரிய பணக்காரர்கள் வரிசையாக மாளிகை கட்டி வாழ்ந்த தெரு அது. பெரும்பாலானவை இடிந்து போய் அலுவலகமும் வண்டி நிறுத்துமிடமுமாகிவிட்டன. வளாகத்தை ஒட்டி மேத்தர் மாளிகை இன்னும் நிற்கிறது, 1910-இல் கட்டி முடித்தது. குளிரில் விரல் மரத்துப்போய் போனைத் தொட்டால் திரை கேட்கவே இல்லை, அப்பா தன் வேட்டிக்கு மேல் போட்டிருந்த கோட்டுப் பாக்கெட்டில் என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டார். ஐம்பது வயதுக்காரனின் கையை!

அப்பா பொதுப்பணித்துறையில் வாய்க்கால், மதகு என்று வேலை பார்த்தவர். அந்த ஊர் வழியாக ஓடுகிற குயஹோகா ஆறு தீப்பிடித்த கதையைப் படித்துக் காட்டியதும் நம்பவே இல்லை. எண்ணெயும் கழிவும் மிதந்து 1969 ஜூனில் எரிந்த ஆறு அது. அதற்கு முன்பும் பல தடவை எரிந்திருக்கிறது. டைம் பத்திரிகை 1969 தீயைப் பற்றி எழுதியபோது போட்ட படம்கூட 1952-இல் எரிந்தபோது எடுத்ததுதான். மறுநாள் காலை டிபன்கூடச் சாப்பிடாமல் ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று நின்றார். பாலத்தில் நின்று கால் மணி நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்ல வந்தது இதுதான். அங்கே கதைகள் ஆப்புக்குள் இல்லை. ஒமேக்கா (Omeka) என்ற, யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த மூல மென்பொருளில் ஒரு இணையதளமாக இருக்கின்றன, அதன் மேல் கியூரேட்ஸ்கேப் என்ற இன்னொரு மென்பொருள். போனில் தெரிவது ஒரு ஜன்னல் மாதிரி. ஜன்னல் உடைந்தாலும் வீடு அப்படியே இருக்கும், உலாவியில் திறந்தால் அதே கதை. ஸ்போகேன், நியூ ஆர்லியன்ஸ் ஊர்க்காரர்களும் இதே மென்பொருளை எடுத்துத் தங்கள் ஊருக்கு வைத்துக்கொண்டார்கள்.

ராயபுரத்துப் பெண்:

நான் இவ்வளவு பெரிதாக எதுவும் செய்யவில்லை அண்ணா. கல்வெட்டு, பழைய கட்டடம் எது கண்ணில் பட்டாலும் போனில் படம் எடுத்து இடக்குறிப்போடு விக்கிமீடியா காமன்ஸில், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்களின் இணையக் கிடங்கு அது, ஏற்றுவேன். எங்கள் ராயபுரம் ஸ்டேஷனில்தான் ஆரம்பித்தேன், 1856-இல் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்கு ரயில் விட்டார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அது.

பாட்டி என்னைச் சின்ன வயதில் "எம்டன்" என்றுதான் கூப்பிடுவார். கெட்டிக்காரத்தனமும் முரட்டுத்தனமும் சேர்ந்தவர்களுக்கு நம் ஊரில் அந்தப் பெயர் உண்டே. 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் மேல் குண்டு போட்ட ஜெர்மன் கப்பலின் பெயர் அது என்று தெரிந்தபோது எனக்கு இருபது வயது. ஹைகோர்ட்டின் கிழக்கு மதில் சுவரில் அதற்கு ஒரு கல் பதித்திருக்கிறார்கள். படம் எடுத்து ஏற்றினேன். சில மாதம் கழித்து ஒருவர் எழுதினார், கோயம்புத்தூரிலிருந்து வந்து சாலைக்கு அந்தப் பக்கம் அரை மணி நேரம் தேடியிருக்கிறார். போன் காட்டிய இடத்தை நான் சரிபார்க்காமல் விட்டதால் புள்ளி சாலையைத் தாண்டி விழுந்திருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பெரிதாக்கி, எந்தத் தூணுக்கும் எந்தக் கேட்டுக்கும் நடுவில் என்று கையால் திருத்தித்தான் ஏற்றுகிறேன். பாரிமுனையில் டேர் ஹவுஸ் மூலையில் இருக்கிற 1773-ஆம் வருஷத்து எல்லைக்கல்லுக்கும் அப்படித்தான் செய்தேன். ஆறு கல் நட்டார்களாம், மிஞ்சியது அந்த ஒன்றுதான். அதற்காவது புள்ளி சரியாக இருக்க வேண்டாமா?

இன்னொன்று, உங்கள் குரல் யாருடையது? எழுதி வைத்ததைப் படிக்கிறீர்களா, பேசுகிறீர்களா?

மாசிவீதிக்காரன்:

நல்ல கேள்வி தங்கச்சி. முதலில் எழுதி வைத்துப் படித்தேன். விளக்குத்தூண் பக்கத்துக் கடைக்காரர் கேட்டுவிட்டு, "தம்பி, ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு, யாருக்குச் சொல்றீங்க?" என்றார். அவரையே நிற்க வைத்து அவருக்குச் சொல்கிற மாதிரி திரும்பப் பதிந்தேன். நடுவில் அவர் "அட, அப்படியா" என்று சொன்னதையும் வெட்டாமல் விட்டிருக்கிறேன்.

ஓஹையோ சார் சொன்ன பிறகு நேற்று ராத்திரி உட்கார்ந்து எல்லாப் பதிவையும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் ஏற்றிவிட்டேன், மூன்று பேர் வீட்டு ஹார்ட் டிஸ்கிலும் ஒவ்வொரு பிரதி. பேசிக் கொடுத்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் அவரவர் குரலைப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். போன வாரம் பத்துத்தூண் சந்துக்கும் போனேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பெரியவர் மகன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எங்க அப்பா சொன்னதெல்லாம் எனக்கும் பாதி ஞாபகம் இருக்கு, வேணும்னா நான் சொல்றேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு, கடை திறக்கும் முன்னால், போய்ப் பதிகிறோம். நிற்க இடம் பார்த்தாகிவிட்டது, இடமிருந்து மூன்றாவது தூணின் நிழலில்.