கீமோ நடக்கும்போது வைட்டமின் சி, இ மாத்திரை கொடுக்கலாமா?

மழைமேகம்:
அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், இரண்டு கீமோ முடிந்திருக்கிறது, மூன்றாவது அடுத்த வாரம். ஆள் ரொம்பத் துவண்டுபோய்விட்டார். பார்க்க வந்த சித்தி, உடம்பில் தெம்பு வேண்டாமா என்று ஒரு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை டப்பாவைக் கையில் திணித்துவிட்டுப் போயிருக்கிறார். வைட்டமின் சி 1000 மி.கி., இ 400 யூனிட், செலினியம் என்று போட்டிருக்கிறது. வெறும் வைட்டமின்தானே என்று ஒரு மனசு, கேட்காமல் கொடுக்கப் பயம் இன்னொரு பக்கம். யாராவது கொடுத்திருக்கிறீர்களா?

மருந்துச்சீட்டு:
டாக்டரிடம் கேட்கும் வரை கொடுக்காதீர்கள். நான் மருந்தாளுநர். ரேடியேஷனும், டாக்சோரூபிசின் மாதிரியான சில கீமோ மருந்துகளும் செல்லுக்குள் ஆக்சிஜனேற்றச் சேதத்தை உண்டாக்குகின்றன, புற்றுச் செல் சாவதில் அதற்கும் பங்கு உண்டு. அந்தச் சேதத்தைத் தடுப்பதுதான் இந்த மாத்திரையின் வேலையே. நல்ல செல்லை மட்டும் காப்பாற்று என்று அதற்குச் சொல்லவா முடியும்? 2020இல் வெளியான ஆய்வு ஒன்றில், மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 1,134 பேரில், கீமோவுக்கு முன்பும் நடுவிலும் ஆன்டிஆக்சிடன்ட் எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது கூடுதலாகத் தெரிந்தது. அப்படி எடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் இதை முடிந்த முடிவாகச் சொல்லமாட்டேன். சாதாரண மல்டிவைட்டமினில் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

ஒற்றையடிப்பாதை:
ஒரேயடியாகப் பயமுறுத்தாதீர்கள். என் அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், பெமெட்ரெக்செட் என்ற கீமோ மருந்து போட்டபோது டாக்டரே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பி12 ஊசியும் எழுதிக் கொடுத்தார், இரண்டும் வைட்டமின்தான். அப்போ அது என்ன?

மருந்துச்சீட்டு:
அது சிகிச்சையில் ஒரு பகுதி, அதை நிறுத்தினால்தான் ஆபத்து. அதே ஃபோலிக் ஆசிட்டைக் கேப்பசிடாபின் என்ற கீமோ மாத்திரை எடுப்பவர் அதிகமாகச் சாப்பிட்டால் பக்கவிளைவு கூடும். போர்டெசோமிப் என்ற புற்றுநோய் ஊசி போடுகிறவருக்கு வைட்டமின் சி மாத்திரையே மருந்தின் வேலையைக் குறைக்கலாம். எந்த மருந்தோடு எது, எவ்வளவு என்பதுதான் கேள்வி. சாப்பாட்டில் வரும் வைட்டமினைப் பற்றி நான் பேசவில்லை, பழம் காய்கறியை யாரும் நிறுத்திவிடாதீர்கள்.

கடைசிபெஞ்ச்:
என் கணவருக்குத் தொண்டையில் ரேடியேஷன் கொடுத்தபோது வாயெல்லாம் புண், எச்சில்கூட விழுங்க முடியவில்லை. வைட்டமின் இ கொடுத்தால் ஆறும் என்று சொன்னார்கள், நானும் வாங்கிவிட்டேன். டாக்டரிடம் காட்டியபோது, கனடாவில் 540 பேரிடம் சோதித்துப் பார்த்த கதையைச் சொன்னார்: அதிக அளவில் வைட்டமின் இ-யும் பீட்டா கரோட்டினும் கொடுத்ததில் புண் குறைந்ததாம், ஆனால் கட்டி திரும்ப வருவது கூடுகிற மாதிரித் தெரிந்ததாம். அப்புறம் நான் அதைத் தொடவே இல்லை. மழைமேகம், அம்மாவின் சோர்வையும் டாக்டரிடம் சொல்லுங்கள், ரத்தம் குறைந்திருந்தாலும் அப்படித் துவளும், அதற்கு இந்த டப்பாவில் மருந்து கிடையாது.

மழைமேகம்:
போன் செய்தேன். டப்பாவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள், பார்த்துவிட்டு இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். நாளைக்கு ஹீமோகுளோபின் பார்க்கிறார்கள். சித்தியிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை, தினமும் போன் பண்ணிக் கொடுத்தாயா என்று கேட்கிறார்.