க்ளூனியில் இல்லாத தேவாலயத்தைப் பார்த்தோம்

நிஜக் காட்சியோடு கணினிப் படத்தைச் சேர்த்துக் காட்டும் ஆக்மென்டட் ரியாலிட்டியில் பழைய இடங்களைப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்று இங்கே கேட்டிருந்தார்கள். அதைப் படித்ததும், பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் உள்ள க்ளூனி மடம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. பாரிஸில் வசிக்கும் நாங்கள் ஒரு விடுமுறையில் குடும்பத்தோடு போயிருந்தோம்.

பெனடிக்ட் சபைத் துறவிகளுக்காக 910இல் தொடங்கப்பட்ட மடம் அது. 1088இல் அவர்கள் கட்டத் தொடங்கிய தேவாலயத்தின் நீளம் 187 மீட்டர். ரோமில் இன்றைய புனித பேதுரு பேராலயம் எழும்பும்வரை கிறிஸ்தவ உலகில் அதைவிடப் பெரிய ஆலயம் கிடையாது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1798இல் அதை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் உடைத்துக் கல்லைக் காசாக்கினார்கள். ஆலயத்தின் குறுக்கே தெருவே போட்டார்கள். எஞ்சியது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

சிலுவை வடிவ ஆலயத்தின் தெற்குக் கை மட்டும் ஓங்கி நிற்கிறது. அங்கே கையால் திருப்பிப் பார்க்கும்படி ஒரு திரை வைத்திருக்கிறார்கள். சுவர்ப் பக்கம் திருப்பினால், கண்ணெதிரே இருக்கும் அதே தூண், அதே சாளரம். மெல்லத் திருப்பிக்கொண்டே போனால், நிஜச் சுவர் முடிந்த பிறகும் திரையில் தூண் வரிசை நீண்டுகொண்டே போகிறது. மேலே வளைவுக் கூரை மூடுகிறது. தலையைத் தூக்கினால் அந்தத் திக்கில் வெறும் வானம்.

"இவ்வளவு கல்லும் எங்கே அப்பா போனது?" என்றாள் மகள். அடுத்த வாசலிலேயே நெப்போலியன் காலத்தில் தொடங்கிய குதிரைப் பண்ணை இருக்கிறது. மடத்துக் கற்களைக் கொண்டு கட்டியது. கூட்டிப்போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

திரையில் தெரிவது வெறும் கற்பனைச் சித்திரம் அல்ல. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கட்டடக்கலை வரலாற்றாளர் கென்னத் கோனன்ட் 1928 முதல் பல ஆண்டுகள் அங்கே அகழ்ந்து வரைபடம் தயாரித்தார். மடத்துக் கட்டடங்களிலேயே இயங்கும் பொறியியல் கல்லூரி பின்னாளில் முப்பரிமாண மாதிரியை உருவாக்கியது. மாணவர்கள் படிக்கும் இடத்திலேயே அந்த ஊரின் வரலாறு மீட்கப்பட்டது என்பது எனக்கு மிகவும் பிடித்தது.

போனில் செயலி இறக்கும் வேலை இல்லாததால் என் மாமியாரும் தாமாகவே திரையைத் திருப்பி ரசித்தார். ஆனால் எந்த ஊரில் இதைச் செய்தாலும், தோண்டிக் கண்டது எது, ஊகித்தது எது என்று படத்திலேயே பிரித்துக் காட்ட வேண்டும். கண்ணால் பார்த்ததைப் பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

போகிறவர்கள் முதலில் 'சீஸ் கோபுரம்' என்று அழைக்கப்படும் பழைய கோபுரத்தில் ஏறுங்கள். எஞ்சிய கோபுரங்களும் ஊரும் ஒருசேரத் தெரியும்; பிறகு திரை காட்டுவது எளிதில் பிடிபடும்.