மறு: ஓவர்ஸ்டியருக்கு ‘மிகைத்திருப்பம்’ பொருந்துமா?

வணக்கம். வளைவில் கார் பிடி இழக்கும் இரு வகைகளுக்கு நம் வழிகாட்டியில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கான பதில் இது.

> ஓவர்ஸ்டியர் – மிகைத்திருப்பம், அண்டர்ஸ்டியர் – குறைத்திருப்பம் என்று வைத்துக்கொள்ளலாமா?

இணையாகப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் படிப்பவர், ஓட்டுநர் ஸ்டியரிங்கை அதிகமாகத் திருப்பிவிட்டார் என்றே நினைப்பார். நடப்பது வேறு. ஓவர்ஸ்டியரில், முன் டயர்களுக்கு முன்பாகவே பின் டயர்கள் பிடியை விட, வண்டியின் வால் வெளியே போகிறது (முன் டயர்கள் முதலில் விட்டால் அது அண்டர்ஸ்டியர்). ஓட்டுநரோ அந்த நேரத்தில் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துக்கொண்டிருப்பார். அதற்குப் போய் மிகைத்திருப்பம் என்று பெயரா!

அசெட்டோ கோர்சா கொம்பெட்டிசியோனே என்ற கார் பந்தய விளையாட்டில் போர்ஷே 911 ஜிடி3 ஆர் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். இன்ஜின் பின்னச்சுக்கும் பின்னால் இருக்கும் வண்டி அது. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் சுமை முன்னே போய், பின் டயர்கள் லேசாகிவிடும். ஸ்டியரிங்கை அசைக்காமலே வால் வெளியே வரும்.

தீர்வையும் பெரும்பாலும் பின்னால்தான் தேடுகிறோம். முதலில் பின் ஆன்டி-ரோல் பாரை (வளைவில் வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இளக்குவோம். வளைவில் வெளிப்பக்க டயருக்கு ஏறும் கூடுதல் சுமையில் பின்னச்சின் பங்கு இதனால் குறைந்து, முன்னச்சின் பங்கு கூடும். டயருக்குச் சுமையை இருமடங்காக்கினால் பிடி இருமடங்காகாது, அதற்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். ஆகவே இரண்டு பின் டயர்களும் சுமையை எவ்வளவு சமமாகப் பகிர்கின்றனவோ, அந்த அளவுக்கு மொத்தப் பிடி கிடைக்கும். அப்புறம் பின் டோ-இன்னை (டயர்களின் முன்முனைகள் உட்பக்கம் திரும்பியிருக்கும் அளவு) சற்றுக் கூட்டலாம். அளவு மீறினால் டயர் சூடேறும், நேர்ப்பாதையில் வேகமும் போகும். பின் இறக்கையை ஏற்றுவது வேகமான வளைவுகளுக்கு உதவும், கொண்டையூசி வளைவில் அதனால் பெரிய பயனில்லை. டயர் காற்றழுத்தம், விளையாட்டின் 2023-இல் வந்த 1.9 பதிப்புக்குப் பிறகு, ஜிடி3 வகைப் பந்தயக் கார்களின் உலர்டயர்களுக்கு (ஈரமில்லாத தடத்துக்கானவை) 26 முதல் 27 பிஎஸ்ஐ. இது பிட்டில் (வண்டியைத் தயார்செய்யும் இடம்) வைக்கும் எண் அல்ல, ஓடிச் சூடானபின் காட்ட வேண்டிய எண்.

இத்தனையும் எந்த அச்சு முதலில் பிடியை விடுகிறது என்பதைப் பொறுத்தவை. சொல்லும் அதைக் காட்டினால் போதும். அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தில் ஓவர்ஸ்டியரை ‘லூஸ்’, அண்டர்ஸ்டியரை ‘டைட்’ என்கிறார்கள். நம்மூரில் ‘வண்டி லூஸ்’ என்றால் மெக்கானிக் ஸ்பானரைத்தான் எடுப்பார்.

‘பின்சறுக்கல்’ என்று ஒருவர் முன்வைத்திருந்தார். எனக்குத் தயக்கம். சறுக்கல் என்பது பிடி முழுதும் போன நிலை. டயர் அதற்கு முன்பே, தான் நோக்கும் திசைக்கும் போகும் திசைக்கும் நடுவே சில பாகைகள் விலகித்தான் ஓடுகிறது. பக்கவாட்டுப் பிடி பிறப்பதே அந்த விலகலில்தான். பின் டயர்களின் விலகல் முன் டயர்களுடையதை மிஞ்சும்போது வருவதே நாம் பேசும் ஓவர்ஸ்டியர். ‘நழுவல்’ இதற்குப் பொருத்தம், ஆனால் புணர்ச்சியில் ‘பின்னழுவல்’ ஆகிவிடும். வண்டி அழுகிறதா என்று கேட்பார்கள்!

எனவே என் பரிந்துரை: பின்வழுவல், முன்வழுவல். ‘நெறி வழுவாமல்’ என்பதில் உள்ள அதே வழுவல்தான்: செல்ல வேண்டிய தடத்திலிருந்து விலகுவது. டயரின் அந்த விலகல் கோணமான ஸ்லிப் ஆங்கிளுக்கு ‘வழுவுகோணம்’ என்றும் வைக்கலாம். ‘முன்வழுவல் வருகிறது, முன் பாரை இளக்கு’ என்று சொல்லிப் பாருங்கள், நாவில் தடங்கலில்லை.

ஒரு குறை உண்டு. பின்வழுவலைப் ‘பின்னோக்கி வழுவுதல்’ என்றும் படிக்கலாம். முதல்முறை வரும் இடத்தில் ‘பின்சக்கர வழுவல்’ என்று விரித்து எழுதிவிட்டுப் பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

கேம்பர் (முன்னிருந்து பார்க்கையில் டயரின் சாய்வு), டோ என்ற இரண்டு சொற்களையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். அலைன்மென்ட் கடைகளில் அப்படியேதான் புழங்குகின்றன. மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே சொல்லுங்கள். இல்லையென்றால் வழிகாட்டியின் அடுத்த வரைவில் மாற்றிவிடுகிறேன்.