மறு: விண்துறைமுகமா, விண்பேட்டையா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். விண்வெளிக் கற்பனை ஆட்டங்களில் கலங்கள் வந்து நின்று கிளம்பும் இடத்துக்கு, அதாவது ஆங்கிலத்தில் ‘ஸ்பேஸ்போர்ட்’ என்பதற்கு, தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சைத் தொடர்கிறேன்.

> விண்துறைமுகம் என்ற சொல்லே போதும். கப்பல் வந்து நின்றால் துறைமுகம். விண்கலம் வந்து நின்றால் விண்துறைமுகம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மதுரை நண்பர் எழுதியதைப் படித்தேன். எழுத்தில் பார்த்தால் எனக்கும் குறை தெரியவில்லை. நாக்கில்தான் தெரிந்தது. சென்ற ஞாயிற்றுக்கிழமை வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பேர் பாத்திரமேற்பு ஆட்டம் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம்) ஆடிக்கொண்டிருந்தோம். கடத்தல் சரக்கோடு வரும் கலத்தை என் அண்ணன் மகள் ஓட்டுகிறாள். பின்னால் காவல் கலம் துரத்துகிறது. “விண்வெளித் துறைமுகச் சுங்க அலுவலகத்திடம் தரையிறங்க அனுமதி கேட்கிறேன்” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருந்தவர்கள் பகடையை உருட்டி அவளைப் பிடித்துவிட்டார்கள். அவசரத்தில் வாய்க்கு வராத சொல் ஆட்டத்துக்கு ஆகாது.

சுருக்கி ‘விண்துறை’ என்று வைக்கலாமா? துறை நல்ல பழைய சொல்தான். ஆனால் இன்றைக்குத் துறை என்றதும் வருவாய்த் துறையும் பொதுப்பணித் துறையும்தான் நினைவுக்கு வருகின்றன. இந்திய அரசில் விண்வெளித் துறை என்றே ஒன்று இருக்கிறது. “கலம் விண்துறையில் நிற்கிறது” என்றால், கையெழுத்துக்காகக் கோப்பு காத்திருப்பதுபோல் கேட்கிறது. ‘விண் நிலையம்’ என்றால் சுற்றுப்பாதையில் மிதக்கும் விண்வெளி நிலையத்தோடு குழம்பும்.

‘ஏவுதளம்’ என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏவுவது போவதற்கு, வருவதற்கு அல்ல. ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 முதல் ராக்கெட்டுகள் கிளம்புகின்றன. அங்கே எதுவும் திரும்பி வந்து இறங்குவதில்லை. 2007 ஜனவரியில் சுற்றுப்பாதையிலிருந்து மீட்ட இந்திய விண்கூடுகூட வங்கக் கடலில்தான் விழுந்தது. ஆகவே அந்த இடத்துக்கு ஏவுதளம் என்ற பெயர் மிகச் சரி. நமக்கு வேண்டியதோ கலம் வந்து நின்று, சரக்கை இறக்கி, எரிபொருள் நிரப்பி, பழுது பார்த்து, வரி கட்டி, சண்டை போட்டு, மறுபடி கிளம்பும் இடம்.

அப்படி ஓர் இடத்தை எங்கள் வட ஆற்காட்டுக்காரர்களுக்குத் துறைமுகமாகக் கற்பனை செய்ய வரவில்லை. எங்களுக்கு ஏது கடல்? பாலாற்றிலேயே பாதி வருடம் மணல்தான். எங்களுக்குத் தெரிந்தது பேட்டை. ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை, ஜோலார்பேட்டை என்று ரயிலில் போனாலே காதில் விழுந்துகொண்டே வரும். ஊரை ஒட்டி வணிகர்கள் தங்கிச் சந்தை கூடும் இடம் பேட்டை. மாட்டு வண்டிகள் வந்து அவிழ்த்துப்போடும் இடம் வண்டிப்பேட்டை. மாட்டுக்குத் தண்ணீர், அச்சுக்கு மசகு, வண்டிக்காரனுக்குச் சோறு, எல்லாம் அங்கேயே. இதைத்தானே நாம் விண்வெளியில் தேடிக்கொண்டிருக்கிறோம்? சொல்லும் செத்துப்போகவில்லை. தொழிற்பேட்டை என்று அரசே புதுச் சொல் கட்டியிருக்கிறது. பலகையைப் பார்த்து யாரும் பொருள் கேட்பதில்லை.

ஆகவே என் முன்மொழிவு: விண்பேட்டை.

பேட்டை கிடைத்ததும் மற்றவை தாமாக வந்து சேர்ந்தன. 1977இல் வெளிவந்த ‘டிராவலர்’ என்ற விண்வெளிப் பாத்திரமேற்பு ஆட்டத்தில் விண்துறைமுகங்களை ஏ (A) முதல் இ (E) வரை ஆங்கில எழுத்திட்டுத் தரம் பிரித்தார்கள். ஏ தரத்தில் புதிய கலமே கட்டலாம். இ தரத்தில் அடையாளமிட்ட வெறும் பாறைத் தரை மட்டும், எரிபொருளும் கிடையாது. தளமே இல்லாத உலகுக்கு எக்ஸ். இதை நாம் அ, ஆ, இ என்று மாற்றிவைப்பதில் சுவை இல்லை. அவர்களுடைய இ கடைசித் தரம், நம்முடைய இ மூன்றாவது என்று வேறு குழப்பம் வரும். பெயரிலேயே தரம் தெரியட்டும். கலம் கட்டும் பட்டறையும் சந்தையும் உள்ளது பேட்டை. பழுதுபார்க்கும் பணிமனை மட்டும் இருந்தால் நிறுத்தம். வரி வாங்க ஓர் ஆளும் ஒரு தடுப்புக் கட்டையும் இருந்தால் சாவடி. ஒன்றுமே இல்லையென்றால் திடல். “அந்த நிலவில் வெறும் திடல்தான்” என்று சொல்லிப் பாருங்கள். மேசையைச் சுற்றி எல்லோருக்கும் வயிறு கலங்கும்.

பெரிய பேட்டைக்கு இரண்டு பகுதிகள் உண்டு: சுற்றுப்பாதையில் ஒன்று, தரையில் ஒன்று. காற்றைக் கிழித்து இறங்க முடியாத பெருங்கலங்கள் மேலேயே நிற்கும். சிறு படகுகள் ஏறி இறங்கும். இதற்கும் எங்கள் ஊரில் பெயர் தயாராக இருக்கிறது. மேல்விஷாரம், கீழ்விஷாரம் போல மேற்பேட்டை, கீழ்ப்பேட்டை.

சுங்கத்துக்கு ஒருவர் ‘உல்கு’ என்ற பழஞ்சொல்லைப் பரிந்துரைத்திருந்தார். திருக்குறளில் வரும் சொல், மதிக்கிறேன். ஆனால் பள்ளிகொண்டாவில் நிற்கும் லாரி ஓட்டுநருக்குச் சுங்கச்சாவடி தெரியும். தெரிந்த சொல்லை விட்டுவிட்டுத் தெரியாததைத் தேடுவது கலைச்சொல் ஆக்கம் ஆகாது.

எரிபொருளில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். வியாழன் போன்ற பெருவளிக் கோளின் மேல்மட்டத்தில் பறந்து ஹைட்ரஜனை அள்ளிக்கொள்ளும் கலங்கள் ஆட்டத்தில் உண்டு. அப்படி அள்ளியது ‘மொண்ட எரிபொருள்’. பேட்டையில் சுத்தம் செய்து விற்பது ‘வடித்த எரிபொருள்’. குடத்தில் மொண்டதை வடிகட்டாமல் குடித்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திரவ ஹைட்ரஜன் சாதாரண அழுத்தத்தில் -253 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். எனவே தொட்டிகளை இறங்குதளத்துக்கும் சந்தைக்கும் எட்டத்தில் வையுங்கள். பெரும்பாலானவர்களின் வரைபடங்களில் தொட்டி சாப்பாட்டுக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது!

எங்கள் வரைபடத்திலும் ஒரு பிழை நடந்தது. கீழ்ப்பேட்டையை முதலில் ஜவ்வாது மலைமேல் வைத்திருந்தேன். அதே மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும்போது பக்கத்தில் இரவெல்லாம் விளக்கெரியும் பேட்டையா என்று வீட்டிலேயே எதிர்ப்பு. இப்போது வாலாஜாவுக்கு மாற்றிவிட்டேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வந்து நின்ற இடம், பொருத்தமாக இருக்கும். ஒரே நிபந்தனை, கலங்கள் ராக்கெட்டைப்போல் எரிந்து தீர்ந்த அடுக்கைக் கழற்றி வீசாதவையாக இருக்க வேண்டும். கிழக்கே கிளம்பினால் கீழே காஞ்சிபுரமும் சென்னையும் இருக்கின்றன.

கருத்துச் சொல்லுங்கள்.
சத்துவாச்சாரியிலிருந்து

*

ஐயா, வணக்கம்.

விண்பேட்டையை ஏற்கிறேன். சென்னைப் பக்கம் ‘எங்கள் பேட்டை’ என்றால் ஆளும் அடிதடியும் நினைவுக்கு வரும் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் நம் கதைக்கு உதவும். ‘நிறுத்தம்’ மட்டும் வேண்டாம். பஸ் நிறுத்தத்தில் பணிமனை இருக்காது. பணிமனை உள்ள இடத்தைப் பணிமனை என்றே சொல்லிவிடலாமே? பேட்டை, பணிமனை, சாவடி, திடல். வரிசையும் நன்றாக ஒலிக்கிறது.

இன்னொன்று: பேட்டைக்குள் ஒரு கலம் நிற்கும் தனி இடத்துக்கு என்ன சொல்? ‘களம்’ என்று எழுதிப் பார்த்தேன். “கலம் களத்தில்” என்று படித்துக் காட்டியதும் என் பையன் சிரித்துவிட்டான். எங்கள் வீட்டில் லகரமும் ளகரமும் ஒன்றுதான்.

ஆம்பூரிலிருந்து

*

அம்மா, பணிமனையை ஏற்றுக்கொண்டேன், நிறுத்தத்தை அடித்துவிட்டேன்.

களம் வேண்டாம். வண்டிப்பேட்டையில் மாட்டை எதில் கட்டுவார்கள்? முதலில் கட்டுத்தறி என்ற பொருளில் ‘தறி’ என்று எழுதினேன். குடியாத்தம் நண்பர் உடனே தொலைபேசியில் கூப்பிட்டு, “தறியில் கலத்தைக் கட்டினால் லுங்கியை எங்கே நெய்வது?” என்று கேட்டார். ஆகவே மாடு கட்ட அடிக்கும் ‘முளை’. “மேற்பேட்டை, மூன்றாம் முளை காலியா?” என் அண்ணன் மகளிடம் கொடுத்துச் சொல்லச் சொன்னேன். காவல் கலம் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். வரும் ஞாயிறு அதே காட்சியை மறுபடி ஆடுகிறோம். சரக்கு என்ன என்று மட்டும் அவள் இன்னும் எனக்குச் சொல்லவில்லை.

சத்துவாச்சாரியிலிருந்து