புதுப்பிப்பு: அப்பாவின் எடை கூடியும் வலு கூடாதது ஏன்?

பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துவரும் அப்பா தரையிலிருந்து எழவே சிரமப்படுகிறார் என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன்; எடை கூடினால் சரியாகிவிடும் என்று பலரும் ஆறுதலாகப் பதில் எழுதியிருந்தீர்கள். எடை ஓரளவு கூடிவிட்டது, வலு கூடவில்லை.

மருத்துவர், ஏற்கெனவே எடுத்திருந்த சி.டி. ஸ்கேனில் மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் தெரியும் தசையின் பரப்பைக் காட்டி, கொழுப்பும் உடலில் தேங்கும் நீரும் எடையைத் தாங்கி நிற்கும்போது உள்ளே தசை கரைவது தராசில் தெரியாது என்று விளக்கினார். பிறகு கைப்பிடி வலுவை அளந்தார். ஆண்களுக்கு அது 27 கிலோவுக்குக் குறைந்தால் பலவீனம் என்பது ஐரோப்பிய வரையறை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுவதற்கு 15 வினாடிக்கு மேல் ஆனாலும் அப்படித்தான். அப்பா மூன்றாம் முறையே தொடையில் கையூன்றிவிட்டார்.

மருந்து உண்டா என்று கேட்டிருந்தீர்கள். புற்றுநோயாளிகளுக்குப் பசியையும் எடையையும் கூட்டத் தரும் அனமொரலின் என்ற மருந்து 2021இல் ஜப்பானில் அனுமதி பெற்றது. ஆனால் அதை நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ‘ரொமானா’ என்ற ஆய்வுகளில் உடலின் கொழுப்பற்ற எடை கூடியதே தவிர, கைப்பிடி வலு கூடவில்லை. ஆகவே எடையை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதில் எனக்கு உடன்பாடில்லை.

சிறுநீரகக் கோளாறு இல்லாததால், உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தினமும் புரதம் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள்: முட்டை, மீன், தயிர், சுண்டல். கூடவே பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தந்த ரப்பர் பட்டைப் பயிற்சியும் நடக்கிறது. நோயாளிக்குக் கஞ்சியே போதும் என்னும் அத்தையைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. அடுத்த சுற்று கீமோவுக்கு முன் மறுபடி அளப்பார்கள், எழுதுகிறேன்.