அப்பாவின் 1964 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி, தஞ்சாவூரிலிருந்து:

அப்பா காலமாகி ஓராண்டு ஆகிறது. கொல்லைக் கொட்டகையில் அவருடைய ஹெரால்டு கார் நிற்கிறது. 1964ஆம் ஆண்டு வண்டி, இரண்டு கதவு, வெளிர் நீலம். கடைசியாக 2009இல் தங்கையின் திருமணத்துக்கு ஓடியது. இப்போது நான்கு டயர்களும் தரையோடு படிந்துவிட்டன, எஞ்சின் இறுகிக் கிடக்கிறது. ஓட்டுநர் பக்கத் தரைத்தகட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

மெக்கானிக் இருவர் வந்து பார்த்தார்கள். ஒருவர் பழைய எஞ்சினை எடுத்துவிட்டு மாருதி எஞ்சின் பொருத்தச் சொல்கிறார். இன்னொருவர் தகடு தெரியும்வரை சுரண்டிப் புது வண்ணம் அடித்துத் தருவதாகச் சொல்கிறார். இரண்டுக்கும் மனம் ஒப்பவில்லை. ஸ்டியரிங்கில் அப்பாவின் கை பட்டுப்பட்டு ஓரிடம் மட்டும் வழவழப்பாக இருக்கிறது. அதை யாரும் பாலிஷ் போட்டுவிடக் கூடாது என்பதுதான் என் பயம். விற்கும் எண்ணம் இல்லை.

மறுமொழி, மதுரையிலிருந்து:

தம்பி, உங்கள் மனம் சொல்வதுதான் சரி. 31 ஆண்டுகளாக ஹெரால்டு வைத்திருக்கிறேன். என் வண்டியை ஒரு பட்டறையில் நம்பி விட்டேன். திரும்பி வரும்போது பளபளவென்று இருந்தது, ஆனால் சென்னைக்குப் பக்கத்து வண்டலூரில் ஸ்டாண்டர்ட் கம்பெனி ஆலையில் அடித்த வண்ணம் ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. கதவின் உள்விளிம்பில் என் மாமனார் ஆணியால் கீறி வைத்திருந்த தேதியும் போய்விட்டது. பணம் செலவழித்தால் வண்ணம் எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம், முதல் வண்ணம் ஒரு முறைதான். மங்கியிருந்தாலும் விட்டுவிடுங்கள்.

எஞ்சினையும் மாற்ற வேண்டாம். 948 சிசி எஞ்சின் எளிமையானது. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி, ஒரு வாரம் பொறுத்திருங்கள். பிறகு எஞ்சினின் முன்முனையில் பெல்ட் ஓடும் சக்கரமான கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பானரை வைத்து முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். அசையவில்லையென்றால் மறுபடி ஊற்றிக் காத்திருங்கள். இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்து ஓடவைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிஸ்டன் ரிங் உடையும்.

இனி நான் சொல்வதைக் கொட்டகைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தின் அடிமூட்டில் ட்ரன்னியன் என்று ஒரு பித்தளை நிறத் துண்டு இருக்கும். சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் மரை அதற்குள்தான் சுழல்கிறது. அதற்கு கிரீஸ் போடக் கூடாது, 90 கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் காய்ந்து கட்டியாகும். தண்ணீர் புகுந்து மரை துருவேறும். ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். வேகத்தில் போகும்போது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நம் ஊரில் பாதி மெக்கானிக்குகள் பழக்கத்தில் கிரீஸ் துப்பாக்கியைத்தான் எடுப்பார்கள். பக்கத்திலேயே நில்லுங்கள்.

தரைத்தகட்டு ஓட்டைக்குக் கலங்க வேண்டாம். ஹெரால்டுக்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், உண்டு. உடல்பகுதிகள் அதன்மேல் போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டவை. மூக்கு முழுவதும் முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும், எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். இத்தாலியர் மிக்கெலோட்டி வரைந்த உருவத்தில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். கவலைப்பட வேண்டியது சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளுக்கு. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள், மொத்தைச் சத்தம் வரும் இடத்தில் துரு தின்றிருக்கிறது.

பிரேக் ரப்பர்கள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அனைத்தையும் மாற்றுங்கள்.

மறுமொழி, கோயம்புத்தூரிலிருந்து:

மதுரை ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிடுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பர்க் குழாயையும் பெட்ரோல் பம்பின் டயாபிரம் என்ற சவ்வையும் கெடுக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை முதலிலேயே போட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

மாருதி எஞ்சினை மறுக்க இன்னொரு காரணமும் உண்டு. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வண்டி விண்டேஜ் என்ற பழம்பெரும் வண்டி வகையில் பதிவாகலாம். ஆனால் சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவை மூல வடிவில் இருக்க வேண்டும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அந்தப் பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சி, பழைய கார் பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், தினமும் கடைக்குப் போக முடியாது. அப்பாவின் ஆர்.சி. புத்தகத்தை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வதை முதலில் முடியுங்கள்.

கேள்வி கேட்டவர், மூன்று வாரங்களுக்குப் பிறகு:

இரண்டாம் முறை ஊற்றிய பிறகு எஞ்சின் கால் சுற்று அசைந்தது. பக்கத்து வீட்டுப் பையன்கூட ஓடிவந்து பார்த்தான். வலது ட்ரன்னியனைத் திறந்தால், மதுரை ஐயா சொன்னபடியே, கறுத்துக் காய்ந்த கிரீஸ். தண்டில் துருக்குழிகள் தெரிந்தன. இரண்டு பக்கத்துக்கும் புதிய தண்டும் ட்ரன்னியனும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன். வண்ணத்தில் கை வைக்கவில்லை. ஸ்டியரிங்குக்குப் பழைய பருத்தி வேட்டியைச் சுற்றி வைத்திருக்கிறேன்.